படத்துக்கு வெளியே நின்ற ஐந்து பேர்

ஒரு மதிய வேளையில் அலுவலகத்தில் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். பக்கத்து மேசை ஜுன் ஹாவ் கறுப்பு நிறக் கேமரா ஒன்றைத் தூக்கி, என் எலுமிச்சைச் சோற்றைப் படம் பிடித்தார். காட்டுங்கள் என்று கையை நீட்டினேன். அவர் கேமராவின் முதுகைத் திருப்பிக் காட்டினார். திரை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தகடுதான் இருந்தது. மூன்று வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார், முகத்தில் துளி வெட்கமில்லாமல். பேருந்து இரண்டு நிமிடம் பிந்தினால் புகார் எழுதுகிற ஊர் இது. இங்கே பிறந்து வளர்ந்த ஒருவர், ஒரு கைப்பிடி எலுமிச்சைச் சோற்றைப் பார்க்க மூன்று வாரம் சந்தோஷமாகக் காத்திருக்கிறார். சோறு நான்கு நிமிடத்தில் தீர்ந்துவிட்டது.

தூத்துக்குடியில் எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஃபிலிம் கேமரா இருந்தது. அப்பா அதை பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டியிருப்பார். ஒரே ரோலில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், சித்தி கல்யாணம், மறுபடியும் கிறிஸ்துமஸ் என்று ஒரு வருடம் முழுவதும் அடங்கிவிடும். கழுவி வரும் படங்களில் பாதிப் பேருக்குத் தலை இருக்காது. எங்களையும் எடுங்கள் என்று பிள்ளைகள் அழுதால் வரிசையாக நிற்க வைத்து 'கிளிக்' செய்து அனுப்பிவிடுவார். அந்த நேரங்களில் கேமராவுக்குள் ரோலே இருந்ததில்லை என்பது எனக்குக் கல்லூரி போன பிறகுதான் தெரிந்தது. செல்பேசியில் கேமரா வந்ததும் அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டோம். வீட்டில் யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இதைச் சொன்னபோது ஜுன் ஹாவ் இழவுச் செய்தி கேட்டவர்போல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு, என்ன மாடல் என்று மெல்லக் கேட்டார்.

அவரைப்போல் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு ஏதாவது ஒரு வட்டாரத்தில் நடந்து படமெடுப்பார்கள். கழுவி வந்ததும் ஒரு காப்பிக் கடையில் கூடி ஆளுக்காள் காட்டிக்கொள்வார்கள். காலாவதியான ஃபிலிம் என்றால் அவர்களுக்கு உயிர். நிறங்கள் எப்படித் திரியும் என்று யாராலும் சொல்ல முடியாதாம், அதுதான் அழகாம். ஜுன் ஹாவ் வீட்டுக் குளிர்பெட்டியில் மீன் உருண்டைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே காலாவதியான ரோல்கள் அடுக்கியிருக்கின்றன என்று அவருடைய அம்மா என்னிடமே புலம்பியிருக்கிறார்.

அடுத்த நடை லிட்டில் இந்தியாவில் என்று முடிவானதும் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். அது உங்கள் ஏரியா அல்லவா என்றார். நான் பதினோரு வருடமாக ஆங் மோ கியோவில் இருக்கிறேன். மாதம் ஒரு முறை கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கத்தான் அந்தப் பக்கம் போவேன். அவர் வீடு சிராங்கூனில். என்னைவிட அவருக்குத்தான் அது கிட்ட. ஆனாலும் என் முகத்தைப் பார்த்தால் அது என் ஏரியாதான். மறுக்கத் தோன்றவில்லை. ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

அங்கேதான் ஆரோக்கியராஜ் எதிரில் வந்தான். கப்பல் பட்டறையில் வெல்டர், திருவாடானைப் பக்கத்துக்காரன், எங்கள் கோயிலுக்கு வாரம் தவறாமல் வருவான். அன்று அவனோடு டார்மிட்டரியில் ஒன்றாகத் தங்கும் நண்பர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். கேமராக்களைப் பார்த்ததும் என்னை ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள் அக்கா என்றான். செல்பேசிப் படம் ஆயிரம் இருக்கிறது. அம்மாவுக்கு நிஜக் கேமராவில் எடுத்தது ஒன்று அனுப்ப வேண்டுமாம். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, பூக்கடை முன்னால் அட்டென்ஷனில் நின்றான். ஜுன் ஹாவுக்கு அது பிடிக்கவில்லை. பெயிண்ட் உரிந்த ஒரு சுவரோரம், மூடிய கடையின் முன்தாழ்வாரமான ஐந்தடியில் நிற்கச் சொன்னார். சிரிக்க வேண்டாம், கேமராவைப் பார்க்க வேண்டாம், இயல்பாக இருக்கட்டும் என்றார். நான் மொழிபெயர்த்தேன். ஃபிலிம் காலாவதியானது, வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்தது, நிறம் கொஞ்சம் மாறலாம் என்பதையும் சொன்னேன்.

"எக்ஸ்பயரி ஆனதுலயா எடுக்குறாரு?" என்றான் ஆரோக்கியராஜ். "நம்ம வேலை பெர்மிட் எக்ஸ்பயரி ஆனா மறுநாளே பிளேன் ஏத்தி விட்டுர்றாங்க. இவரு ஐஸ் பொட்டில வச்சுக் காப்பாத்துறாரே."

நண்பர்கள் ஐந்து பேரும் ஜுன் ஹாவின் முதுகுக்குப் பின்னால் நின்று அவனை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை, வயிற்றை உள்ளே இழு என்றான் ஒருவன். ஆரோக்கியராஜ் சிரிப்பை அடக்கத் தலையைத் திருப்பி, தெருவின் கோடியைப் பார்த்தான். ஜுன் ஹாவ் 'கிளிக்' செய்தார்.

மூன்று வாரம் கழித்து அந்தப் படம் குழுவின் இணையப் பக்கத்தில் வந்தது. வெறிச்சோடிய ஐந்தடி, உரிந்த சுவர், எங்கோ பார்க்கும் ஒரு மனிதன். நிறமெல்லாம் திரிந்து, முகம் ஊதாவாக இருந்தது. கீழே ஆங்கிலத்தில் 'தனிமை' என்று தலைப்பு. அந்த மாதத்தின் சிறந்த படம் அதுதான் என்று எட்டுப் பேரும் ஒரே மனதாக முடிவு செய்தார்கள். நானும் பெருமையாக அந்தப் பக்கத்தின் இணைப்பை ஆரோக்கியராஜுக்கு அனுப்பினேன். அவன் பட்டறையில் வேலையாக இருந்தான். சரியாகப் பார்க்காமலே வீட்டுக்குத் தள்ளிவிட்டான்.

புதன்கிழமை மதியம் எனக்கு போன் செய்தான். குரலே சரியில்லை. அம்மா படத்தைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே இருக்கிறார்களாம். முகம் ஏன் இப்படிக் கன்றிப்போயிருக்கிறது, யார் அடித்தது, என்ன சீக்கு என்று கேட்கிறார்களாம். வீடியோவில் முகத்தைக் காட்டினால், பவுடர் போட்டு மறைக்கிறாய் என்கிறார்களாம். பெர்மிட்டை இப்போதுதான் இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்திருந்தான். அதெல்லாம் வேண்டாம், உடனே ஊருக்கு வா என்று பிடிவாதமாக இருக்கிறார்கள்.

"மூஞ்சி ஊதாவா இருந்தாக் கூடச் சமாளிச்சிருவேன்க்கா. தங்கச்சி காலேஜ் படிக்குதுல்ல, கீழ இருந்த இங்கிலீஷை வாசிச்சுச் சொல்லிருச்சு."

எனக்கு வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டேன். உடனே குற்றவுணர்வும் வந்தது. இணைப்பை அனுப்பியது நான்தானே. ஜுன் ஹாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. ஆனால் அவர் தனியாகத்தானே நின்றார், நான் என் கண்ணால் பார்த்தேன் என்றார். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஐந்து பேர் நின்று கூத்தடித்தார்கள், நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை என்றேன். அன்று மாலையே வீட்டிலிருந்து ஒரு படம் அனுப்பினார். அதே ரோலில் அடுத்த படம். படமெடுத்து முடிந்ததென்று ஐவரும் ஓடிப்போய் ஆரோக்கியராஜின் மேல் விழுந்தபோது கை தவறி அழுத்தியது. சாய்ந்திருந்தது, மங்கலாக இருந்தது, ஒரு மூலையை யாரோ ஒருவரின் கட்டைவிரல் மறைத்திருந்தது. வீணான படம் என்று அதை அவர் யாருக்கும் காட்டவில்லையாம்.

அதை ஆரோக்கியராஜ் ஊருக்கு அனுப்பினான். ஒரு மணி நேரத்தில் அம்மாவிடமிருந்து பதில் வந்தது. ஆறு பேரும் ஊதாவாக இருக்கிறார்கள், அப்படியென்றால் சீக்கு கேமராவுக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. அந்தச் சீனத் தம்பியை நல்ல கேமராவாக ஒன்று வாங்கச் சொல்லு. இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது ஜுன் ஹாவ் ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு அந்தக் கேமராவை மடியில் வைத்து, பாவம்போல் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடியும் நேரத்துக்கு, இரண்டு படங்களையும் அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு கோயில் வாசலுக்கே வந்துவிட்டார். "சாரி லா, பிரதர்" என்று தலை குனிந்தார். ஆரோக்கியராஜ் பதறிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நுரை பொங்க ஆற்றிய தே தாரே தேநீர் வாங்கிக் கொடுத்தான். முதல் படத்தை இணையத்திலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று ஜுன் ஹாவ் சொன்னார். நான் மொழிபெயர்த்ததும் ஆரோக்கியராஜ் வேண்டாம் என்று தலையசைத்தான். ஊருக்கு அனுப்பக் கூட்டப் படத்தை வாங்கிக்கொண்டான். தனியாக நிற்கும் படத்தை மட்டும் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது எனக்குக்கா" என்றான் மெதுவாக. "பயலுக கத்துனதுல சிரிப்பு வந்துச்சு, திரும்புனேன். அந்த ஒரு நொடி ஊரு ஞாபகம் வந்துச்சு. அது இவருக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவன் என்ன சொன்னான் என்று ஜுன் ஹாவ் கேட்டார். படம் நன்றாக இருக்கிறதாம் என்றேன்.

எனக்கும் கூட்டப் படத்தில் ஒரு பிரதி கிடைத்தது. வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தபோதுதான், அதன் வலது ஓரத்தில் நானும் இருப்பது தெரிந்தது. ஒரு தோள், ஒரு காது, தோல் பை, அவ்வளவுதான். ஐவரோடு சேர்ந்து ஓடவும் இல்லை. கேமராக்காரர்கள் பக்கம் ஒதுங்கி நிற்கவும் இல்லை. இருவர் பேச்சையும் இருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், படத்தின் விளிம்பு என்னைச் சரிபாதியாக வெட்டியிருந்தது. அதைச் செல்பேசியில் படமெடுத்துத் தூத்துக்குடிக்கு அனுப்பினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் தேடிய பிறகு கூப்பிட்டார்கள்.

"ஏட்டி, இதுல பாதிதான இருக்க. மீதி எங்க நிக்கி?"

ஜுன் ஹாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். இன்னும் கேட்கவில்லை.