நாலு பாஷைக்கு ஒரே உருளை

என் வீட்டுக்காரரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. பல்லி சத்தம் போட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார். காக்கிச் சட்டையைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார், அது தபால்காரராக இருந்தாலும் சரி. இந்த மனிதரை நம்பி எப்படிக் குடும்பம் நடத்தப்போகிறேன் என்று கல்யாணமான புதிதில் நான் அழுததும் உண்டு.

திண்டுக்கல்லில் கோர்ட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் நாங்கள் டைப்ரைட்டிங் கடை வைத்திருந்தோம். காலையில் அவர் பிள்ளைகளுக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுப்பார். மதியத்துக்கு மேல் சைக்ளோஸ்டைல் வேலை. மெழுகுத்தாளில் எழுத்தை வெட்டி, மை போட்ட உருளையில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றினால் காகிதம் ஒவ்வொன்றாக அச்சாகி விழும். தமிழும் இங்கிலீசும் மெஷினில் அவர் வெட்டுவார். பக்கத்துத் தோல் மண்டி பாய் எப்போதாவது பள்ளிவாசல் நோட்டீஸ் கொண்டுவந்தால், உருதுவைப் பாயே இரும்புக் குச்சியால் எழுதிக்கொடுத்துவிடுவார். இந்தி என் பங்கு. கல்யாணத்துக்கு முன்னால் இந்திப் பரீட்சை எழுதித் தேறியவள் நான். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று ஒரு சர்க்கார் ஆபீஸ் அவர்களுடைய மும்மொழி நோட்டீஸ் எல்லாவற்றையும் எங்களிடமே கொடுத்துவந்தது.

வந்த வேலையை வந்தவுடன் ஓட்டமாட்டார். உருளையைக் கழுவி மை மாற்றுவது பெரிய ரோதனை. அதனால் வாரம் முழுக்க வந்த மெழுகுத்தாள்களைச் சேர்த்து வைத்து, பாஷை வாரியாகப் பிரித்து, வெள்ளிக்கிழமை ஒரே மூச்சில் ஓட்டுவார். இங்கிலீசு எல்லாம் முதலில், இளகின மையில். தமிழுக்குக் கெட்டி மை, இல்லாவிட்டால் சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். கையால் எழுதினவை கடைசி. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே சினிமா பிட் நோட்டீஸ் ஒன்றைச் சொருகுவார். மஞ்சளும் ரோஸுமாக அந்தத் தாள் நடுவே தெரிந்தால் அங்கே பிரித்துக் கட்டவேண்டியதுதான். பிட் நோட்டீசுக்கா பஞ்சம்? தினம் மாட்டுவண்டியில் தப்படித்துக்கொண்டு வந்து தெருவெல்லாம் வீசிவிட்டுப் போவார்கள்.

அறுபத்தைந்தாம் வருஷம் தை மாதக் கடைசியில் அந்த வண்டி வரவில்லை. ஊரெங்கும் இந்தி எதிர்ப்பு. பலகைகளில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசிக்கொண்டு போனார்கள். சினிமாக் கொட்டகைகளை மூடிவிட்டார்கள். வெளியூர்களில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தபடி இருந்தது. சந்தில் கூட்டம் கோஷம் போட்டுக்கொண்டு போகும்போதெல்லாம் நான் எழுதின இந்தித் தாளை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துவிட்டு, அது போனதும் எடுத்து மறுபடி எழுதுவேன்.

அதே வாரம் எங்களிடம் தட்டச்சு படித்த இரண்டு காலேஜ் பையன்கள் இவரிடம் ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். போலீசைத் திட்டி, சர்க்காரைத் திட்டி, அச்சிட்டவர் பெயர் இல்லாமல். அப்படி ஒரு தாள் வைத்திருந்தவர்களைக்கூடப் பிடித்து உள்ளே போட்டுக்கொண்டிருந்த நேரம். எதற்கு வாங்கினீர்கள் என்று நான் பாய்ந்தேன்.

"அதுல எழுதியிருக்கறது நெசந்தானே புள்ள," என்றார். பயந்தாங்கொள்ளிக்கு எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல்.

வெள்ளிக்கிழமை ஓட்டினார். தமிழ் மையில் ஆபீஸ் நோட்டீஸ் முதலில், அதன் மேல் பையன்களுடையது. நடுவே சொருகப் பிட் நோட்டீஸ் இல்லை. முதல் வேலையை நெடுக்கிலும் அடுத்ததைக் குறுக்கிலும் போட்டார். காய்ந்துகொண்டிருக்கும்போதே ஆபீஸ் பியூன் வந்து வாசலில் நின்று, சாயங்காலம் தடையுத்தரவு போடப்போகிறார்கள், சீக்கிரம் சீக்கிரம் என்று பறந்தான். இவர் பதறிப்போய் எல்லாவற்றையும் ஒன்றாகத் தட்டி ஒழுங்குபடுத்திவிட்டார். பிறகுதான் நெடுக்கு குறுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. கண்மதிப்பில் பிரித்துக் கட்டிக் கொடுத்தனுப்பிவிட்டார்.

பியூன் போனபிறகு பையன்கள் கட்டைப் புரட்டிப் பார்த்தேன். புது மெழுகுத்தாள் மாட்டினால் முதலில் வருகிற காகிதங்கள் மை அப்பித்தான் வரும். அந்தக் கட்டில் அடியிலிருந்து மேல்வரை ஒரு தாளிலும் மை அப்பவில்லை.

"அப்பினதெல்லாம் எங்கங்க?" என்றேன்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பையன்கள் நோட்டீசின் முதல் தாள்கள் ஆபீஸ் கட்டோடு போய்விட்டன. அங்கே யாராவது பிரித்தால் முடிந்தது. மும்மொழி நோட்டீசும் எங்கள் கடை, கூட இருப்பதும் எங்கள் கடை. இவரைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். லத்தியால் ஒரு அடி விழுந்தால் தாங்காத உடம்பு அது.

மிச்சமிருந்த கட்டையும் அந்த மெழுகுத்தாளையும் அடுப்பில் போடச் சொன்னேன். முருங்கைக்கீரையை ஒரு பையில் அள்ளிக்கொண்டு நான் கிளம்பினேன்.

"நீ போகாத. நான் போறேன்," என்றார்.

"நீங்க போனா வாசல்லயே மயக்கம் போட்டு விழுவீங்க. சும்மா கெடங்க," என்றேன்.

ஆபீஸ் வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். உள்ளே போகிறவளை ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வருகிறவர்களின் பையைத்தான் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்துவிட்டாலும் வெளியே எப்படிக் கொண்டுவருவது?

ஹெட் கிளார்க் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். சிரிக்கத் தெரியாத மனிதர் என்று இவர் சொல்லுவார். வடமதுரைக்கு, கன்னிவாடிக்கு, தொப்பம்பட்டிக்கு என்று அனுப்பக் கட்டுகளை வரிசையாக வைத்திருந்தார். நல்லவேளை, இன்னும் பிரிக்கவில்லை.

"மை அப்புன தாளு கொஞ்சம் கலந்துபோச்சாம். எடுத்துட்டு வரச் சொன்னாரு," என்றேன்.

"எடுத்துக்குங்கம்மிணி," என்றார்.

அவர் எதிரிலேயே தமிழ்க் கட்டைப் பிரித்தேன். மேலேயே இருந்தன. உருவி மடிக்கப் போனேன். ஒரு தாள் நழுவி அவர் மேஜைமேல் விழுந்தது. அவர் எடுத்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முழுவதும் படித்தார். எனக்கு உயிர் இல்லை. என் வீட்டுக்காரரின் மெலிந்த கழுத்தும், சட்டைப் பித்தானும்தான் கண்முன்னால் வந்து நின்றன.

ஹெட் கிளார்க் தாளை நாலாக மடித்து என் பையில் கீரைக்கடியில் அவரே வைத்தார்.

"மை ரொம்ப அதிகமுங்க. இதெல்லாம் ஆகாதுங்க," என்றார். அப்புறம் குரலை இறக்கினார். "வாசல்ல பையைப் பாக்கறாங்கம்மிணி. அவிங்க டீ குடிக்கப் போகட்டும். அதுவரைக்கும் இந்தப் பெஞ்சுல உக்காருங்க. கேட்டா, பில்லுக்குக் காத்திருக்கறதாச் சொல்லுங்க."

உட்கார்ந்தேன். மகராசன், நன்றாக இருக்கட்டும். போலீஸ்காரர்கள் லேசில் நகரவில்லை. ஒருவர் உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டு என் பக்கத்திலேயே நின்று முகம் துடைத்தார். நான் கும்பிடாத சாமி இல்லை. வெயில் சாய்ந்த பிறகுதான் அவர்கள் டீக்கடைப் பக்கம் போனார்கள். ஹெட் கிளார்க் தலையை மட்டும் அசைத்தார். எழுந்து வந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

தெருமுனை திரும்பினதும் போன உயிர் வந்தது. நேரே வீட்டுக்குள் போய்ப் பையிலிருந்ததை அடுப்பில் போட்டேன். கடைசித் தாளும் கருகும்வரை ஊதினேன். இனி எவன் வந்து தேடினாலும் ஒரு துண்டு கிடைக்காது. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அவரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

மண்டி பாய் வாசலில் வந்து நின்றார். அவர் முகம் சரியில்லை.

"என்ன தங்கச்சி, வந்துட்டியா? ஒன்னைய ஆபீசுல போலீசு உக்கார வச்சிருக்குன்னு எவனோ வந்து சொல்லிட்டுப் போனான். பெஞ்சுல ஒக்காந்திருக்கறதப் பாத்தானாம். பக்கத்துல போலீசு நின்னுச்சாம். நான் போய்ப் பாத்துட்டு வாரேன், செத்த நேரம் பொறுங்கன்னேன். அவரு கேக்கல. ஸ்டேசனுக்குப் போயிட்டாரு."

நான் ஓடினேன். முந்தானை எங்கே, செருப்பு எங்கே என்று தெரியாது. ஸ்டேஷன் படிக்கட்டில் அவருடைய செருப்பு ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

உள்ளே சுவரோரம் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. ரைட்டர் எழுதி முடித்த தாளின் மேல் மை உறிஞ்சும் தாளை வைத்து ஒற்றிக்கொண்டிருந்தார். அடியில் இவர் கையெழுத்து.

என்னைக் கண்டதும் அந்த வீங்கின முகம் மலர்ந்தது. அவரை அப்படிச் சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"விட்டுட்டாய்ங்களா புள்ள?" என்றார். "எல்லாம் நாந்தேன் வெட்டுனேன், நாந்தேன் ஓட்டுனேன், அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். அதுக்கப்புறந்தான் விட்டிருக்காய்ங்க, பாத்தியா?"

என்னை யாரும் பிடிக்கவே இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"ஆமாங்க," என்றேன். "நீங்க சொன்னதுக்கப்புறந்தான் விட்டாங்க."