அத்தையின் ராஜினாமா

இன்று மதியம் பசுவந்தனை பஸ்ஸில் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நீ கம்பெனிச் சட்டம்தான படிக்க? இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லு" என்று ஒரு கவரை நீட்டினாள்.

சித்தப்பாவின் தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் வந்த தாள். அத்தை அவருக்கு அக்கா. அந்தக் கம்பெனியில் அவளும் ஒரு டைரக்டர்.

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது, அது நான் எழுதிய வாசகம்.

போன மாதம் சித்தப்பா, "ஒரு டைரக்டர் தானா விலகுனா மீட்டிங் மினிட்ஸ்ல எப்படி எழுதணும்? மாதிரிக்கு ஒண்ணு எழுதிக் குடு" என்றார். பரீட்சைக்கும் ஆகுமே என்று எழுதிக் கொடுத்தேன். யார் விலகுகிறார் என்று கேட்கவில்லை. பெயருக்கு நான் விட்டிருந்த இடத்தில் இப்போது அத்தையின் பெயர்.

"உடம்பு சரியில்லன்னு நீங்களே மீட்டிங்ல சொல்லி விலகிட்டீங்களாம் அத்தை."

"எந்த மீட்டிங்? எனக்கென்ன சீக்கு? காலைலகூட பருத்திக்காட்டுல களை வெட்டிட்டுத்தான வந்தேன்."

கடைசி வரியையும் படிக்கச் சொன்னாள். 'அவரது நெடுநாள் சேவையைக் குழு நன்றியோடு பதிவு செய்கிறது.' அதை எழுதியபோது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அத்தை தாளை மடித்தாள். "என்னைய வெளிய தள்ளுனாலும் கடைசில மரியாதையா எழுதிருக்கான் பாரு, என் தம்பி" என்றாள். கண் கலங்கியிருந்தது.

ஊர் வரும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

டைரக்டரை நீக்க எத்தனை நாள் முன்பே நோட்டீஸ் தரவேண்டும் என்ற கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அந்த நன்றி வரி என்னுடையது என்று அத்தையிடம் சொல்ல எத்தனை நாள் நோட்டீஸ் வேண்டும்? சட்டம் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.