யோகா எடுத்த அழைப்புகள்

பாலையூற்றிலிருந்து யோகாவின் கணவர் எங்கள் அலுவலக இலக்கத்துக்கே அழைத்தார். "அண்ணை, யோகா போயிட்டா. விடிய நெஞ்சு நோகுது எண்டவ, ஆஸ்பத்திரி வாசலோட எல்லாம் முடிஞ்சுது" என்றார். யோகா வேலைக்கு வரப் பிந்திவிட்டார் என்ற எரிச்சலோடுதான் அந்த அழைப்பை நான் எடுத்திருந்தேன். அதை நினைக்க இன்னும் வெட்கமாக இருக்கிறது.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் வாங்கவோ திருத்தவோ எங்கள் கடைக்கு வந்தவர்களுக்கு, அங்கே தொலைபேசி எடுக்கும் யோகாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. முகம் தெரியாதவர்களுக்கும் குரல் தெரியும்.

கடையில் இணையவழித் தொலைபேசி பொருத்தியது என்னுடைய யோசனை. மொத்தம் நாலு பேர் வேலை செய்யும் இடம். ஆனால் பெரிய கம்பனி மாதிரி, "உதிரிப்பாகத்துக்கு ஒன்றை அழுத்துங்கள், திருத்த வேலைக்கு இரண்டை அழுத்துங்கள்" என்று ஒரு குரல் சொல்லவேண்டும் என எனக்கு ஆசை. யோகாவின் குரலையே பதிந்தோம். அதுதான் பிழையாகப் போனது. அழைத்த எங்கள் ஆட்கள் ஒன்றையும் அழுத்தவில்லை. பதிவுக் குரலோடு கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். சுகம் விசாரித்து, எஞ்சினின் வருத்தம் முழுவதையும் சொல்லி, பதில் வராமல் மனம் நொந்து தொலைபேசியை வைத்தார்கள். ஒருநாள் நிலாவெளியிலிருந்து படகுக்காரர் தவராசா பஸ் ஏறி வந்து யோகாவின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"என்ன தங்கச்சி, என்னோட கோவமோ? நான் கதைக்கக் கதைக்க நீங்கள் உங்கட பாட்டுக்கு ஒண்டை அமத்து, ரெண்டை அமத்து எண்டுறியள்!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். யோகா சிரிக்கவில்லை. அவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். "என்ர குரலை வச்சு ஆக்களை ஏமாத்த ஏலாது அண்ணை. எடுத்துவிடுங்கோ." இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, எடுத்துவிட்டேன். அதன் பிறகு மணி நேரே அவர் மேசையில் அடித்தது.

அந்தத் தொலைபேசிக்கு ஒரு கெட்ட குணம்: மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். ஒரு பின்னேரம் காற்றும் மழையுமாகக் கரண்ட் போய்விட, நேரத்தோடு கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டோம். அந்த நேரம் பார்த்துத் தவராசாவின் எஞ்சின் கடலில் நின்றுவிட்டது. படகில் மூன்று பேர். அவருடைய கைத்தொலைபேசி நனைந்து செத்துப்போக, கூட வந்தவருடையதை வாங்கினார். அவருக்கு மனப்பாடமான இலக்கம் எங்களுடையது ஒன்றுதான். அந்த அழைப்பு பாலையூற்றில், யோகாவின் வீட்டுக் குசினியில் அடித்தது. கடை இணைப்பு விழுந்தால் அழைப்புகள் தன் கைத்தொலைபேசிக்குப் போகும்படி, தொலைபேசி பொருத்த வந்தவரிடம் யோகா முன்பே சொல்லிச் செய்வித்திருந்தார். யோகா நிலாவெளிக்கு அழைத்து வேறொரு படகை அனுப்பினார். அது போய்ச் சேரும்வரை பத்து நிமிடத்துக்கு ஒருதரம் தவராசாவோடு கதைத்தார். மூவரும் கரை சேர்ந்தார்கள்.

மறுநாள், "எனக்கு ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"சொன்னா உங்கட நம்பரைப் போட்டிருப்பியள். நீங்கள் சோத்தில கை வச்சா ஆர் அடிச்சாலும் எடுக்க மாட்டியளே" என்றார். உண்மைதான், ஊரறிந்த குணம். அவரிடம் தோற்பதில் எனக்குக் குறையொன்றும் இருந்ததில்லை.

செத்தவீட்டன்று கடையைப் பூட்டியபோது மின்சாரத்தையும் நிறுத்தியிருந்தோம். செத்தவீட்டில் அலுமாரியின் மேலிருந்த யோகாவின் கைத்தொலைபேசி அடித்தது. கணவர் அதை என்னிடம் நீட்டினார்.

"யோகா தங்கச்சியோ?" என்றது, செய்தி தெரியாத ஒரு குரல்.

"இல்லை. நான் எடுத்தனான். சொல்லுங்கோ" என்றேன்.

இப்போது கரண்ட் போனால் அந்த அழைப்புகள் என் இலக்கத்துக்கு வருகின்றன. யோகாவிடமிருந்து நான் வைத்திருப்பது அதைத்தான். நேற்று மத்தியானம் கரண்ட் போனது. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். மணி அடித்தது. இடக்கையால் எடுத்தேன்.