சிவப்பில் நின்ற முள்

முன் அறையில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அடுத்து, பாட்டிலுக்குள் அடைபட்ட வண்டு மாதிரி ‘ங்ங்…ங்ங்’ என்று ஓர் இரைச்சல்.

குளியலறைக் கண்ணாடி முன்னால், ஒரு கன்னத்தில் நுரையோடு நின்றிருந்த, லிஃப்ட் பழுதுபார்க்கிற லிஃப்ட்காரரின் கையில் ரேசர் அப்படியே நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார். அது அவருடைய மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் பம்பு. சாவியைத் திருப்பியதும் டேங்கிற்குள் இருந்துகொண்டு எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும். முன்பெல்லாம் பூனை உறுமுகிற மாதிரி மெதுவாகக் கேட்கும். கொஞ்ச நாளாகத்தான் இப்படிப் பல்லைக் கடிக்கிற சத்தம்.

ஆனால் அவர் மூச்சைப் பிடித்தது பம்புக்காக இல்லை. ராத்திரி வண்டியை முன் அறையில்தான் நிறுத்துவார். சாவி சுவர் ஆணியில் தொங்கும். யாரையும் கேட்காமல் அந்தச் சாவியை எடுக்கிற உரிமை இந்த உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் உண்டு.

"மாமா! இன்னைக்கும் முள்ளு சிவப்புலதான் கெடக்கு!"

மனைவியின் தம்பிதான். வரும்போதே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, வீட்டை ஒரு சுற்றுப் பார்வையிட்டுவிட்டு உட்காருவதால் அவனுக்குக் கவர்னர் என்று பெயர். வைத்தது அவன் அக்காதான்.

லிஃப்ட்காரர் மூச்சை விட்டார். மனசுக்குள் ஒரு சின்ன வெற்றி. முகத்தில் மட்டும் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

"அடடா, போட மறந்துட்டேன் மாப்ளே!"

"மறக்கறதுக்கு ஒரு அளவு இல்லையா மாமா? இந்த வண்டி பெட்ரோல்ல ஓடுதா, இல்ல உங்க நல்ல மனசுல ஓடுதா?"

"நல்ல மனசுலதான் ஓடுது. அதான் நீ ஏறினா நின்னுடுது" என்றாள் சமையலறையிலிருந்து அக்கா.

அவள் விளையாட்டாகச் சொன்னதுதான். லிஃப்ட்காரருக்கோ ரேசர் கன்னத்தில் கீறிவிட்டது.

பாவம், அவர் கெட்ட மனிதர் இல்லை. ‘முடியாது’ என்ற ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயில் பிறக்கவே இல்லை. அவருடைய ஏணி பக்கத்து வீட்டில் இருந்தது. அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் கம்பெனி மேனேஜரிடம் இருந்தன. பெண் பார்க்கப் போன இடத்தில் "பிடிச்சிருக்கா?" என்று கேட்டபோது தலையை ஆட்டியதுகூட மறுக்கத் தெரியாமல்தான் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அதில் மட்டும் அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது.

கவர்னர் விஷயத்தில் அடிக்கவில்லை. "மாமா, வண்டி ஒரு நிமிஷம்" என்று எடுத்துப் போவான். அந்த ஒரு நிமிஷம் இருட்டிய பிறகுதான் முடியும். வேலைக்கு அழைப்பு வந்தால் இவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார். சொல்லிவிடலாம்தான். சொன்னால் மனைவியின் முகம் வாடும். பெற்றவர்கள் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது அந்த ஒரு தம்பிதான்.

அப்போதுதான் அவருக்கு அந்த வழி தெரிந்தது. ஒரு நாள் தற்செயலாக டேங்க் காலியாக இருந்தது. கவர்னர் முள்ளைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். யார் மனசும் நோகவில்லை, யார் முகமும் வாடவில்லை! அன்றிலிருந்து வேலைக்குப் போய்வர எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் போடுவார். வீடு திரும்பும்போது முள் சிவப்பில் படுத்திருக்கும்.

"இன்னைக்கும் சொட்டு மருந்துதானா அண்ணே?" என்று பெட்ரோல் பங்கில் வேலை செய்கிற பெண் சிரிப்பாள்.

மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. "சார், இந்தப் பம்பு பெட்ரோல்லயே முங்கிக் கெடந்தாத்தான் சூடு தணியும். நீங்க எப்பவும் காய வெக்கிறீங்க. அடியில நிக்கிற கசடை வேற அது குடிக்குது. ஒருநாள் நடுரோட்ல கையை விரிச்சுடும்."

அவர் அதற்கும் தலையை ஆட்டினார். ஆட்டியதோடு சரி.

இதெல்லாம் நினைத்துக்கொண்டு அவர் கன்னத்து ரத்தத்தைத் துடைத்தபோதுதான் போன் அலறியது. அவர் பராமரிக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன்.

"சார், லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு! மூணாவது மாடிக்கும் ரெண்டாவது மாடிக்கும் இடையில. உள்ள தையல்கார அம்மா தனியா மாட்டிக்கிட்டாங்க!"

"பதறாதீங்க. அவங்களை உக்காரச் சொல்லுங்க. வந்துடறேன்."

"சார், அவங்களுக்கு மூச்சு இழுப்பு இருக்கு. மருந்து வீட்டுல தையல் மிஷின் மேலயே இருக்காம். தச்ச துணியைக் குடுத்துட்டு வந்துடலாம்னு வெறுங்கையோட எறங்கியிருக்காங்க. உள்ள ஃபேனும் ஓடல. தீயணைப்புக்குச் சொல்லிட்டேன், வண்டியெல்லாம் வேற எங்கேயோ போயிருக்காம். கேளுங்க சார், நீங்களே கேளுங்க…"

வாட்ச்மேன் போனைக் கதவிடுக்கில் வைத்திருக்க வேண்டும். ஒரு சத்தம் வந்தது. ஐயோ, அது மனிதர் மூச்சு என்று நம்பவே முடியவில்லை! ஓட்டை விழுந்த துருத்தியை யாரோ இழுத்து இழுத்து விடுவது போல் இருந்தது.

மொட்டை மாடி மெஷின் அறைச் சாவி லிஃப்ட்காரரிடம் மட்டுமே இருந்தது. கண்டவர்கள் போய்க் கை வைத்துவிடக் கூடாது என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டது. அவர் போனால்தான் அந்தப் பெட்டி அசையும்.

ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் மழிக்காமலும் சட்டையையும் கருவிப் பையையும் மாட்டிக்கொண்டு வெளியே பாய்ந்தார். கவர்னர் வண்டியை ஏற்கெனவே வாசலில் இறக்கி, பின்சீட்டில் தயாராக இருந்தான்.

"நானும் வரேன் மாமா. போற வழியில இறங்கிக்கறேன்."

பேச நேரமில்லை. பம்பு கரகரத்தது, எஞ்சின் பிடித்துக்கொண்டது. தெருமுனை தாண்டி, சந்தை தாண்டி, மேம்பாலம் ஏறினார்கள். முள் சிவப்புக்கும் கீழே கிடந்தது.

"மாமா, முதல்ல பெட்ரோல்…"

"பாலம் இறங்கினா பங்க்தான். அதுவரைக்கும் தாங்கும். எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியும். சிவப்பு முள்ளில் இந்த வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்த நம்பிக்கைதான் அன்றைக்கு அவர் காலை வாரியது.

பாலத்தின் உச்சியில் வண்டி ஒரு தடவை விக்கியது. அப்புறம் இன்னொரு தடவை. பின்னால் லாரிக்காரன் ஹாரனிலேயே திட்டினான். "ஏ சாமி… ஏ சாமி…" என்று முனகிக்கொண்டே அவர் ஆக்ஸிலரேட்டரைத் திருகினார். எஞ்சின் நின்றது. நல்லவேளை, அங்கிருந்து இறக்கம். சத்தமே இல்லாமல் உருண்டு வந்து பங்கிற்குள் நுழைந்தார்கள்.

"டேங்க் நிறைய போடும்மா! சீக்கிரம்!"

"அண்ணே, நிஜமாவா?" என்று வாயைப் பிளந்தாள் அந்தப் பெண். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு குழாயைச் செருகினாள்.

டேங்க் வாய்வரைக்கும் நிறைந்தது. முள் மெல்ல மெல்ல எழுந்து, அவர் பார்த்தே இராத உயரத்திற்குப் போய் நின்றது. அப்பாடா! சாவியைத் திருப்பினார்.

சத்தமே இல்லை.

அணைத்துவிட்டு மறுபடி திருப்பினார். முனகல் இல்லை, கரகரப்பும் இல்லை. ஸ்டார்ட்டர் மட்டும் வெறுமனே சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. டேங்கில் குத்தினார், வண்டியை உலுக்கினார். தளும்பத் தளும்பப் பெட்ரோல் இருந்தது, அதைத் தூக்கிக் கொடுக்க உள்ளே உயிர் இல்லை. பம்பு கருகிவிட்டது.

போன் அடித்தது. வாட்ச்மேன் அழுதுகொண்டிருந்தான். "சார், எங்க இருக்கீங்க? கூப்பிட்டா பதில் சொல்லிட்டிருந்தாங்க. இப்ப பேச்சே இல்ல சார். கதவைத் தட்டற சத்தம் மட்டும் கேக்குது…"

லிஃப்ட்காரர் சுற்றிலும் பார்த்தார். பங்கில் எத்தனையோ வண்டிகள் நின்றன. ஒருவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்கலாம். அவரோ அந்நியரிடம் தீப்பெட்டிகூடக் கேட்டறியாதவர். மறுக்கத் தெரியாதவருக்குக் கேட்கவும் தெரியவில்லை. கருவிப் பையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

கவர்னர் போய்விட்டிருந்தான். திரும்பிப் பார்த்தால், ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு மூடியைத் திருகிக்கொண்டிருந்த டை கட்டிய ஒருவர் முன்னால் நின்றான்.

"சார், உங்க வண்டி வேணும்."

"என்னது? யாருய்யா நீ?"

"லிஃப்ட்ல ஒரு அம்மா மூச்சு முட்டிக் கெடக்காங்க. அதைத் திறக்கிற ஆளு அதோ நிக்கிறாரு, பாதி ஷேவிங்கோட. எங்க வண்டி செத்துப்போச்சு. அதை வெச்சுக்கோங்க. டேங்க் ஃபுல் சார்!"

"ஓடாத வண்டியை என் தலையில கட்டறியா?"

"சாயங்காலம் உங்க ஆபீஸ் வாசல்ல ஸ்கூட்டர் நிக்கலேன்னா என்னைச் செருப்பால அடிங்க. சாவி சார், சாவி!"

அந்த மனிதர் லிஃப்ட்காரரைப் பார்த்தார். அந்த முகத்தில் என்ன தெரிந்ததோ, சாவி கை மாறியது.

ஸ்கூட்டரைக் கவர்னர்தான் ஓட்டினான். எப்படிப் போனார்கள் என்று கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது. படிகளை இரண்டிரண்டாகத் தாவி மொட்டை மாடிக்கு ஏறினார்கள். லிஃப்ட்காரர் பூட்டைத் திறந்தார். மெயின் சுவிட்சை இறக்கினார். ஒரு இரும்புக் கம்பியைக் கவர்னர் கையில் கொடுத்தார்.

"இது பிரேக்கைத் தளர்த்தற கம்பி. அழுத்தினா பெட்டி நகரும், விட்டா நிக்கும். நான் சொன்னா அழுத்து, சொன்னா விடு. மாத்திப் பண்ணா பெட்டி கையை மீறிடும். புரியுதா?"

"சொல்லுங்க மாமா." அவன் குரலில் விளையாட்டே இல்லை.

"அழுத்து!"

அவர் மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றினார். கயிறு இஞ்ச் இஞ்சாக நகர்ந்தது. "விடு!" நின்றது. "அழுத்து!" மறுபடி நகர்ந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. கீழே தட்டுகிற சத்தமும் நின்றுவிட்டிருந்தது. கடைசியில், கயிற்றில் அடையாளத்துக்குத் தீட்டியிருந்த மஞ்சள் பெயிண்ட் சட்டத்துக்கு நேராக வந்தது. பெட்டி இரண்டாவது மாடியில் நிற்கிறது!

ஓடி இறங்கிக் கதவைத் திறந்தார். தையல்கார அம்மா மூலையில் சரிந்து கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவள் வீட்டிலிருந்து எடுத்து வந்த மருந்தைக் கதவிடுக்கில் நுழைக்க முடியாமல் காத்திருந்த வாட்ச்மேன் உள்ளே பாய்ந்து அதை அவள் வாயில் வைத்து அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினான்.

நெஞ்சு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

லிஃப்ட்காரர் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, லிஃப்ட்டைச் சரிபார்த்துவிட்டு, அவர் வீடு திரும்பினார். "பிழைச்சுட்டாங்க, பயமில்லையாம்" என்று பிற்பகலில் வாட்ச்மேன் சொன்னான். அதன் பிறகும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாயங்காலம் கவர்னர் வந்தான். அன்றைக்குக் கைகளைப் பின்னால் கட்டவில்லை. ஸ்கூட்டரைச் சேர்த்துவிட்டு, மோட்டார் சைக்கிளை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய்விட்டு வந்திருந்தான். உட்காரவும் இல்லை.

"மெக்கானிக் பம்பைக் கழட்டிக் காட்டினான் மாமா. எப்பவுமே காலி டேங்க்ல ஓடின வண்டியாம். எங்க மாமா மறதிக்காரர்னு சொன்னேன். சொல்லிட்டு வழியெல்லாம் யோசிச்சேன். எந்த லிஃப்ட்ல எந்த நட்டை எப்ப மாத்தினீங்கன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்ற ஆளு நீங்க. பெட்ரோல் மட்டும் எப்படி தினமும் மறக்கும்?"

சமையலறை வாசலில் அவர் மனைவி கை ஈரத்தோடு வந்து நின்றாள்.

"நான் எடுக்கக் கூடாதுன்னுதானே மாமா?"

லிஃப்ட்காரர் தரையைப் பார்த்தார். பொய் சொல்ல நாக்கு எழவில்லை. மெல்லத் தலை மட்டும் அசைந்தது.

"என்னங்க…" என்றாள் மனைவி.

"தர முடியாதுன்னு சொல்லியிருந்தா என்ன மாமா ஆயிருக்கும்? ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருப்பேன். மூணாவது நாள் அக்கா கையால டீ குடிக்க வந்து நின்னிருப்பேன். எனக்கு ஏது ரோஷம்?" அவன் சிரிக்கப் பார்த்தான், உதடு ஒத்துழைக்கவில்லை. "அந்த அம்மா மூச்சு நின்னு போயிருந்தா, நம்ம ரெண்டு பேரும் எங்க போய் நிக்கிறது?"



"டேய், உக்காருடா. டீயாவது குடிச்சுட்டுப் போ" என்றாள் அக்கா.

"இன்னைக்கு வேணாங்கா." செருப்பை மாட்டிக்கொண்டவன், வாசலில் நின்று திரும்பினான். "பம்பு வர நாளாகுமாம் மாமா. அதுவரைக்கும் நீங்க பஸ்ஸுக்கு ஓட வேணாம். காலையில யார்கிட்டயாவது ஒரு வண்டி கேட்டு வாங்கி வந்து நிறுத்தறேன். முழு டேங்கோட."

வேண்டாம் என்று சொல்லத்தான் லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். வழக்கம்போல் தலைதான் ஆடியது.

கவர்னர் படியிறங்கினான். தெருவிளக்கைத் தாண்டி அவன் முதுகு மறையும்வரை அக்கா வாசலிலேயே நின்றாள். பிறகு கணவனைத் திரும்பிப் பார்க்காமலே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.