ஒரு ரின் ஒறுத்தல்

அல்பேர்ட் ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் அமெரிக்கப் படைமுகாமின் சமையலறையில் கோப்பை கழுவுகிறவர். தவக்காலம் வந்தால் பிடித்த ஒன்றை விட்டு ஒறுத்தல் செய்ய வேண்டும். 2003இல் அவரிடம் விடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பியரைப் போன ஆவணியிலேயே கேவலார் திருத்தலத்து மாதாவிடம் நேர்த்தி வைத்து விட்டாயிற்று. மனைவி இமெல்டா அழுத அழுகை அப்படி. இறைச்சிக்கு டாக்டர் தடை போட்டிருந்தார். மனிதர் யோசித்தார்: விட ஒன்றுமில்லையென்றால், பிடிக்காத ஒன்றை எடுத்தால் என்ன?

பிடிக்காதது பக்கத்திலேயே இருந்தது. வேலை முடிகிற நேரம் தலைமைச் சமையல்காரர் ஆசையோடு நீட்டும், தகர ரின்னில் அடைத்த ரூட் பியர். பெயரில்தான் பியர், மற்றபடி வெறும் சோடா. சுளுக்குக்குப் பூசும் தைலத்தை வாயில் ஊற்றியதுபோல இருக்கும். நாற்பது நாளும் பஸ் தரிப்பில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஒரு ரின் குடித்தார். உயிர்த்த ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை, யாரும் நீட்டாமலே அவர் கை போய் ரின்னை எடுத்தது. ஒறுத்தல் இப்படிக் காலை வாரிவிடும் என்று அவர் நினைக்கவில்லை.

பிறகு ஐந்து வருடம். முதுகு விட்டுப்போகிற பின்னேரங்களில் கூட வேலை செய்தவர்கள் பியருக்குப் போக, அவர் ரின்னோடு பஸ் ஏறினார். நேர்த்தியைக் காப்பாற்றியது எதுவென்று அவருக்குத் தெரியும். இமெல்டாவோ மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தாள்.

2008இல் முகாமை மூடினார்கள். ஐம்பத்துநாலு வயதுக்காரருக்கு வேலை இல்லை என்பதை வேலை அலுவலகம் மாதாமாதம் மரியாதையாகச் சொன்னது. கடைசி நாளில் சமையல்காரர் கொடுத்த பெட்டிகளில் ஒரேயொரு ரின் மிஞ்சியிருந்தபோது அடுத்த தவக்காலம் வந்தது. இந்த முறை எதை விடப்போகிறீர்கள் என்று இமெல்டா கேட்டாள். அவர் களைத்துப்போயிருந்தார். பொய் சொல்லவும் தெம்பில்லை.

"விடுறதெண்டா இதைத்தான் விடோணும். இதை விட்டா நான் திரும்பப் பியருக்குப் போயிடுவன். பயமாக் கிடக்கு, இமெல்டா."

அவள் அந்த ரின்னை உடைத்து ஒரு மிடறு குடித்துப் பார்த்தாள். முகம் கோணிப்போயிற்று.

"நீங்கள் விடாதேங்கோ. இந்த முறை ஒறுத்தலை நான் செய்யிறன்."

சனிக்கிழமை பிராங்பர்ட்டுக்குப் போய், அமெரிக்கச் சாமான் விற்கும் கடையைத் தேடிப் பிடித்து ஒரு பெட்டி வாங்கிவந்தாள். தினமும் பின்னேரம் ஒரு ரின், ஆளுக்குப் பாதி. உயிர்த்த ஞாயிறு வரைக்கும் அவளுக்கு அது பிடிக்கவே இல்லை. போகப் போகப் பழகிவிடும் என்று அல்பேர்ட் ஒருநாளும் சொல்லவில்லை.