பசியாறச் சொன்ன வாய்

போன வாரம் அந்தப் படக் கம்பெனி முதலாளி எனக்குப் போன் செய்தார். கம்பெனியின் வரலாற்றை வீடியோவாக எடுக்கிறார்களாம். முதல் படத்தில் அம்மாவாக நடித்த நான் பேச வேண்டுமாம். வரலாறு! கேட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். அந்த ஓணானாக இருக்க ஆள் தேடுகிறார்.

கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர் மலாக்காவில் ஒரு கடை மாடியில் தொடங்கிய கம்பெனி அது. இந்த நாட்டில் சினிமா என்றால் மலாய்ப் படம், தமிழ்ப் படம் என்றால் சென்னை, நமக்கென்று ஒன்று வேண்டாமா என்று மேடைக்கு மேடை முழங்கினார். நானும் நம்பித் தொலைத்தேன். பள்ளிக்கூடக் கேண்டீன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நான் பிறந்த ரப்பர் தோட்டத்திலேயே, கூலிக்காரர் வீட்டு வரிசையான லயத்து வாசலில் நின்று நடித்தேன். வேலைக்குக் கிளம்பும் மகனிடம், "பசியாறிட்டுப் போ லா" என்றேன். எழுதிக் கொடுத்தது வேறு என்னவோ. எங்கள் வீட்டில் காலையில் சொல்வதுதான், எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வோடு, என் வாயில் வந்தது. சுற்றி நின்ற தோட்டத்து ஜனம் கைதட்டியது. டப்பிங்குக்குக் கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவே இல்லை.

படம் வெளியான அன்று தியேட்டர் திரையில் என் வாய் திறந்தது. "டிபன் சாப்ட்டுட்டுப் போப்பா கண்ணு" என்றது எவளோ ஒருத்தியின் சென்னைக் குரல். பக்கத்தில் இருந்த என் மகள், "அம்மா, யாரும்மா உங்க வாயில பேசுறது?" என்றாள். லயத்தில் எவள் டிபன் சாப்பிட்டாள்? வெளியே வந்து முதலாளியைக் கேட்டேன்.

"நம்ம தமிழ் எடுபடாதுக்கா. சென்னையில சிரிப்பாங்க லா."

படம் சென்னைப் பக்கமே போகவில்லை.

அப்படியும் இப்போது போனேன். தோட்டத்தில் பதிவான என் குரலை ஒருமுறையாவது மகளுக்குப் போட்டுக் காட்டலாம் என்ற நப்பாசைதான். கிளேபாங்கில் ஒரு சாலையோர ஒட்டுக்கடையில் உட்காரவைத்து என் சேலையில் மைக்கைக் குத்தினார்கள். என் பழைய குரல் பதிவு இருக்கிறதா என்று முதலில் கேட்டேன்.

"அதெல்லாம் அப்பவே அழிச்சாச்சுக்கா," என்றார் முதலாளி, இளநீரை உறிஞ்சிக்கொண்டே. "இப்ப நம்ம பேச்சுதான் ஓடுது. அந்த 'பசியாறிட்டுப் போ'வ ஒருதடவ சொல்லுங்க. மொதப் படத்துலயே நாங்கதான் கொண்டாந்தோம்னு போட்டுக்கலாம் லா."

மைக்கைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன்.

"அன்னிக்கு என் வாயில பேசுனாளே தம்பி, அவளையே சொல்லச் சொல்லுங்க லா."