குவைத் குசினியில் நான் சொல்லப் பயந்த பிரெஞ்சு

வெளிநாட்டு வீட்டு வேலையில் ஒரு பொம்புளைக்கு முதலில் விளங்குவது ஏச்சு. சோறு, தண்ணீர், தூக்கம் என்ற சொற்களெல்லாம் அதற்குப் பிறகுதான் விளங்கும். என்னைப்போல அடுத்தவர் குசினியில் நின்று காலம் கழித்த தங்கச்சிமாருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நான் பட்ட பாட்டில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது. வெள்ளாமை தொடர்ந்து பொய்த்துப்போனதால், எழுபத்தெட்டுத் தொடக்கத்தில் கல்முனைக்குடியில் என் நாலு பிள்ளைகளையும் தங்கச்சி சபியாவிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனேன். குர்ஆன் ஓதிய நாக்குத்தானே, அறபு எப்படியும் வந்துவிடும் என்ற தைரியம் இருந்தது. அல்லாஹ் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, பெய்ரூத்திலிருந்து சண்டைக்குப் பயந்து வந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில். அவர்கள் கடைக்காரனோடு அறபு கதைப்பார்கள். வீட்டுக்குள் பிரெஞ்சு.

கம்பளிச் சட்டை

வீட்டுக்கார அம்மாவை ‘மடம்’ என்றுதான் கூப்பிட வேண்டும். போன புதிதில் மடத்தின் கம்பளிச் சட்டையைக் கொதிதண்ணீரில் போட்டுக் கசக்கிவிட்டேன். பிழிந்து விரித்துப் பார்த்தால், என் கடைசி மகனுக்கு அளவாக இருந்தது. மடம் சத்தம் போடவில்லை. சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாக ஒரு வசனம் சொன்னார். அதற்குள் ‘ஓறே’ என்று ஒரு சொல் வந்தது. பிறகு கிளாஸ் உடைந்தபோதும், பால் பொங்கி வடிந்தபோதும், முன்கதவைப் பூட்ட மறந்தபோதும் அதே சொல் வந்தது.

கருத்துத் தெரியாது. ஆனால் அடுத்த அறையில் ‘ஓறே’ என்று கேட்டாலே கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். என் பாஸ்போட் அவர்களின் அலுமாரியில் கிடந்தது. ஊருக்கு அனுப்புவார்களோ, பொலிசில் கொடுப்பார்களோ என்று, கலிமாவை வாயில் வைத்துக்கொண்டு நிற்பேன். ‘நீ கேட்டிருக்க வேண்டும்’ என்பதுதான் அந்தச் சட்டைக்குக் கிடைத்த ஏச்சு என்று பின்னால் விளங்கியது. அந்த நேரத்தில் எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: “தியூ ஓறே டியூ தெமாந்தே, ஆசியா.”

ஒரு சட்டி, பல கறி

மடத்தின் மகள் நதீனுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். பிரெஞ்சுப் பாடத்தில் பரீட்சை வந்தது. யாருக்காவது சொல்லிப் பார் என்று தாய் விரட்டிவிட, பிள்ளை பாடக் கொப்பியோடு குசினிக்கு வந்தாள். அதற்குள் கொஞ்சம் அறபு, கொஞ்சம் பிரெஞ்சு, மிச்சம் கை என்று நாங்கள் கதைக்கப் பழகியிருந்தோம். அவர்கள் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன்.

நடக்காமல் போன காரியத்தைச் சொல்லுகிற பேச்சாம் அது. நாம் ‘செய்திருப்பேன்’ என்று ஒரே மூச்சில் முடிப்பதை அவர்கள் இரண்டாகப் பிரித்துச் சொல்கிறார்கள். முன்னால் வருவதை ஒரு சட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ‘ஜோறே’, உனக்கு ‘தியூ ஓறே’, எங்களுக்கு ‘நூஸ் ஓறியோன்’. சட்டிக்குள் போடுவது, செய்து முடிந்த வேலையைச் சொல்லும் சொல். ‘ஃபே’ போட்டால் செய்திருப்பேன். ‘டீ’ போட்டால் சொல்லியிருப்பேன். ‘மான்ஜே’ போட்டால் தின்றிருப்பேன். போவது, வருவது, விழுவது, மௌத்தாவது, அதுதான் சாவது, போன்ற சிலவற்றுக்கு மட்டும் ‘ஸெறே’ என்று வேறு சட்டி. ‘ஜெ ஸெறே வெனு’ என்றால் வந்திருப்பேன். ‘அப்படி நடந்திருந்தால்’ என்ற துண்டும் கூட வரும், அது ‘ஸி’ என்று தொடங்கும். ‘டியூ’ போட்டால் ‘செய்திருக்க வேண்டும்’. எனக்கு விழுந்த ஏச்செல்லாம் இந்தச் சட்டியில் வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

“இப்ப நீ ஒண்டு சொல்லு” என்றாள் பிள்ளை. “நான் ஊரில இருந்திருந்தா எண்டு தொடங்கு.” கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. சின்ன வயதில் ஓதப்போன இடத்தில் லெப்பை சொல்லித்தந்தது நினைவுக்கு வந்தது. ‘அப்படிச் செய்திருந்தால் இப்படி நடந்திருக்கும்’ என்று சொல்லக்கூடாது. அது ஷைத்தானுக்கு வாசலைத் திறந்துவிடும். அல்லாஹ் நாடியது நடந்தது என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்க வேண்டும் என்று ஹதீஸில் வந்திருக்கிறது. இதைப் பிள்ளைக்குக் கையாலும் கண்ணாலும் விளங்கப்படுத்தி, நான் சொல்ல மாட்டேன் என்றேன். அவள் கொப்பியை மூடினாள். “அப்ப உங்கட ஊரில எல்லாருக்கும் இந்தப் பாடத்தில சைபர்தான்.”

ஆறிப்போன கோப்பி

மடத்தின் தம்பி ஒருவர் பெய்ரூத் றோட்டில் சுடுபட்டு மௌத்தானவர். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மடம் முன்னறையில் தனியே இருந்து சிகரட் குடிப்பார். அந்த நேரத்தில் கோப்பி கொண்டுபோக எனக்குப் பயம். சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரே வசனத்தைத்தான் சொல்வார். “நான் அவனை இங்க கூப்பிட்டிருந்தா அவன் வந்திருப்பான். முதல்ல மாட்டன் எண்டு சண்டை பிடிச்சிருப்பான். பிறகு வந்திருப்பான்.” இரண்டு சட்டியும் மாறி மாறி வரும். கேட்கக் கேட்க, உண்மையிலேயே அந்த அறைக்கு இன்னொரு கதவு திறந்து கிடக்கிறது போலவும், அதற்குள்ளால் யாரோ வந்துவிட்டது போலவும் எனக்கு மயிர் கூச்செறியும். ஷைத்தானை விரட்டும் அஊது ஓதிக்கொண்டே தட்டத்தோடு நிற்பேன்.

ஒருநாள் என் உதடு அசைவதை மடம் கண்டுவிட்டார். “என்ன ஓதுறாய்?” என்று கேட்டார். “கத்ர், மடம். அல்லாஹ்வின் ஏற்பாடு” என்றேன். அறபுச் சொல்தானே, அவருக்கும் விளங்கியது. ஆறிப்போன கோப்பியில் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தார். கோபமாகச் சொல்லவில்லை, நாளைக்கு வெயில் என்று சொல்வது போலச் சொன்னார். “உனக்கு இன்னும் ஒண்டும் நடக்கல்ல, ஆசியா. நடக்கிற அண்டைக்கு நீயும் இதைத்தான் சொல்லுவாய்.”

ரேடியோ

பெய்ரூத் செய்திக்காக அந்த வீட்டில் பிரெஞ்சு ரேடியோ பகல் முழுக்கப் பாடிக்கொண்டிருக்கும். அந்த வருடக் கார்த்திகை மாதம். நான் உடுப்பு அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். ‘ஸ்ரீலங்கா’ என்று கேட்டது. ‘சிக்லோன்’ என்று கேட்டது. பிறகு எங்கள் கரையிலிருக்கும் மட்டக்களப்பை வாய்க்குள் போட்டு நசித்தது போல ஒரு பெயர். புயல் என்று விளங்கிவிட்டது. அதற்குப் பின்னால் ‘ஓறே ஃபே’ என்றும், மௌத்தைச் சொல்லும் சொல்லும் வந்தன. ‘ஓறே’ என்றால் நடக்காமல் போனதுதானே. ஆட்கள் மௌத்தாகியிருப்பார்கள், ஆனால் ஆகவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். அயனைத் தூக்கி வைத்துவிட்டு அந்த இடத்திலேயே நெற்றியை நிலத்தில் வைத்து, நன்றிக்கு ஷுக்ர் ஸஜ்தா செய்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த நதீன் அடுத்த செய்தியைக் கேட்டாள். முகம் மாறிவிட்டது. இந்தச் சட்டிக்கு ரேடியோவில் வேறு வேலையும் இருக்கிறதாம். ஆட்கள் அப்படிச் சொல்கிறார்கள், ஆனால் உறுதி இல்லை என்கிற செய்தியையும் இதில்தான் போடுவார்களாம். என் ஸஜ்தா என்னத்துக்கு ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. “அப்ப மௌத்தாகிட்டாங்களா, இல்லையா?” என்று அவளுடைய கையைப் பிடித்துக் கேட்டேன். “ரேடியோக்காரனுக்கும் தெரியாது, ஆசியா.”

தொழுகைப் பாயில்

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் கொஞ்சம் தென்னையும் ஒரு மீன்வாடியும்தான். மடத்தின் கணவர் கந்தோரிலிருந்து தந்தி அடித்தார், பதில் இல்லை. நான் கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவினேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, எதற்குப் பற்றவைத்தேன் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். புறப்படும்போது சபியா “போகாத ராத்தா” என்று சொன்னாள். அவளுடைய மாப்பிள்ளையும் சொன்னார். லெப்பை விலக்கிய அந்த ‘இருந்திருந்தால்’ வசனம் நாக்குவரை வந்தது. தமிழில் வந்தபோது பல்லைக் கடித்தேன். அறபில் அதைச் சொல்ல எனக்குத் தெரியாது, அல்ஹம்துலில்லாஹ்.

அஸர் தொழுதேன். ஸஜ்தாவில் நெற்றி வைத்ததும் வாய் தன்பாட்டில் சொன்னது: ‘ஸி ஜெதே ரெஸ்தே, ஜெ லேஸ் ஓறே…’ நான் அங்கேயே இருந்திருந்தால், அவர்களை நான்… தமிழுக்கு வைத்த காவலைப் பிரெஞ்சுக்கு வைக்க மறந்துபோனேன். தொழுகை முறிந்து, பாயிலேயே குந்தி, மிச்ச வசனம் வந்துவிடாமல் வாயைப் பொத்தினேன். மடம் வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. நான் முதலே சொன்னேன்தானே என்று சொல்வார் என நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, நிலத்தில் இருந்து, என் கைக்கு மேலே தன் கையையும் வைத்துப் பொத்தினார். சிகரட் வாசம் அடித்தது. “நீ சொல்லாத. இந்த வீட்டில அதைச் சொல்ல நான் ஒருத்தி போதும்.”

ட்ரங்க் கோல்

சபியாவின் மாப்பிள்ளை கொழும்பில் கடை வைத்திருந்தவர். விழுந்த மரங்களை வெட்டி விலக்கிக்கொண்டு போன லொறி ஒன்றில் தொற்றிக் கல்முனைக்குப் போய், கண்ணால் பார்த்துவிட்டு, திரும்பக் கொழும்புக்கு வந்து கோல் எடுத்தார். மடம் ரிசீவரை இரண்டு கையாலும் தந்தார். அதைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். அந்தப் பக்கம் இரைச்சல், இரைச்சலுக்குள் அவருடைய குரல். “எல்லாரும் இரிக்காங்க மச்சி. வீட்டுக்கு மேலதான் ஒண்டும் இல்ல.”

சபியா

தவணை முடிந்து ஊருக்கு வந்தபோது வீட்டுக்குப் புதுத் தகரம் அடித்திருந்தார்கள். கடைசி மகன் என்னைக் கண்டு சபியாவின் பின்னால் ஒளிந்தான். சபியா மீன் அரிந்துகொண்டே சொன்னாள்: ஓடு பறக்கத் தொடங்கியதும் ஒரு பொருளையும் தொடாமல், பிள்ளைகளைத் தன் சாரித் தலைப்பால் ஒன்றாகக் கட்டி இழுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினாளாம். திரும்பி வந்து பார்த்தால் நடுச்சுவர் படுக்கைப் பாயின் மேல் கிடந்ததாம். நான் அழுதேன். அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நான் இல்லையே என்று மட்டும்தான் சொன்னேன். அதற்கு மேல் சொல்லவில்லை. என் தங்கச்சிக்கு அந்த ‘இருந்திருந்தால்’ பயமெல்லாம் இல்லை. மீனின் செவுளைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சொன்னாள்: “நீ இருந்திருந்தா ராத்தா, தையல் மெசினத் தூக்கு, அண்டாவத் தூக்கு எண்டு எங்களப் புடிச்சு வச்சிருப்பாய், சுவர் எங்கட தலையிலதான் விழுந்திரிக்கும்.”

வெளிநாடு போய் வந்த பொம்புளைகள் தங்கமும் போர்வையும் கொண்டுவந்து காட்டுவார்கள். நான் கொண்டுவந்த பேச்சை இன்றுவரை யாருக்கும் விரித்துக் காட்டப் பயமாகத்தான் இருக்கிறது.